தலைக்காயமும் மண்டைக்குள் ஏறும் அழுத்தமும்

தலையில் பலமாக அடிபட்டவரின் மூளை இரண்டு முறை காயப்படுகிறது. முதல் காயம் மோதிய நொடியிலேயே நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. நரம்பிழைகள் அறுந்துபோவதும், திசு நசுங்குவதும், ரத்தக்குழாய் கிழிவதும் அப்போதே நடந்துவிடுகின்றன. அதைச் சரிசெய்ய இன்றைய மருத்துவத்தில் வழியில்லை. இரண்டாவது காயம் அடுத்துவரும் மணி நேரங்களிலும் நாட்களிலும் மெல்ல வளர்கிறது. ரத்தம் கட்டுகிறது, நசுங்கிய திசு வீங்குகிறது, ரத்த ஓட்டம் குறைகிறது, அடிபடாமல் தப்பிய பகுதியும் ஆக்சிஜன் போதாமல் சாகத் தொடங்குகிறது. தலைக்காயத்துக்கான தீவிர சிகிச்சை முழுவதும் இந்த இரண்டாவது காயத்தைத் தடுக்கும் முயற்சிதான். அந்தக் காயம் வரும் முக்கியமான வழி, மண்டையோட்டுக்குள் ஏறும் அழுத்தம். அது ஏன் ஏறுகிறது, எப்படி அளக்கப்படுகிறது, அளந்தபின் என்ன செய்யப்படுகிறது, அளப்பதால் நோயாளிக்குக் கிடைக்கும் நன்மை எவ்வளவு என்பவை வரிசையாகப் பார்க்கத் தக்கவை.

மூடிய எலும்புக் கூட்டுக்குள் மூன்று பொருள்கள்

கணுக்கால் பிசகி வீங்கினால் தோல் விரிந்து இடம் கொடுக்கும். வளர்ந்தவரின் மண்டையோடு அப்படி விரிவதில்லை. அதற்குள் இருப்பவை மூன்று: கொள்ளளவில் ஏறத்தாழ 80 விழுக்காடு மூளைத் திசு, 10 விழுக்காடு ரத்தம், 10 விழுக்காடு மூளைத் தண்டுவட நீர். இந்த நீர் மூளையின் உள்ளறைகளில் நாளொன்றுக்குச் சுமார் அரை லிட்டர் சுரக்கிறது. அதே வேகத்தில் ரத்தத்துக்குள் வடிந்தும் விடுகிறது. மூளையிலும் முதுகுத்தண்டிலும் எந்த நேரத்திலும் இருப்பது சுமார் 150 மில்லிலிட்டர்தான்.

மண்டையோடு விரியாது என்பதால் உள்ளிருக்கும் பொருள்களின் மொத்த அளவு மாறாது என்ற கருத்தை எடின்பரோவின் உடற்கூற்றியல் பேராசிரியர் இரண்டாம் அலெக்சாண்டர் மன்றோ 1783-ல் முன்வைத்தார். அவருடைய மாணவர் ஜார்ஜ் கெல்லி லீத் துறைமுக நகரில் மருத்துவராக இருந்தார். 1821-ல் ஒரு புயல் இரவுக்குப் பிறகு வெட்டவெளியில் இறந்து கிடந்த இருவரின் உடல்களைக் கெல்லி ஆராய்ந்தார். அந்த ஆய்வையும் விலங்குகளில் செய்த சோதனைகளையும் வைத்து 1824-ல் அவர் எழுதிய கட்டுரை, ஆசிரியரின் கருத்தை உறுதிப்படுத்தியது. ஆனால் இருவருமே மூளைத் தண்டுவட நீரைக் கணக்கில் சேர்க்கவில்லை. 1846-ல் ஜார்ஜ் பரோஸ் அந்தக் குறையைச் சுட்டிக்காட்டினார். இன்று பாடநூல்களில் காணப்படும் வடிவத்தை 1926-ல் அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் கொடுத்தார். மூன்று பொருள்களில் ஒன்று பெருகினால் மற்ற இரண்டில் ஏதாவது ஒன்று குறைந்தாக வேண்டும், குறையாவிட்டால் அழுத்தம் ஏறும் என்பதே அதன் சாரம். மன்றோ–கெல்லி கோட்பாடு என்று இது வழங்கப்படுகிறது.

காயம்பட்ட மூளையில் நடப்பதை இந்தக் கோட்பாடு தெளிவாக விளக்குகிறது. மண்டைக்குள் ரத்தம் கட்டத் தொடங்கியதும், முதலில் மூளைத் தண்டுவட நீர் கீழே முதுகுத்தண்டுப் பக்கம் ஒதுங்குகிறது. அடுத்து சிரைகளில் உள்ள ரத்தம் பிழியப்பட்டு வெளியேறுகிறது. இந்த இரண்டு ஒதுக்கமும் நடக்கும் வரை அழுத்தம் பெரிதாக ஏறாது. நோயாளி பேசிக்கொண்டும் இருக்கலாம். ஒதுங்க வேண்டியதெல்லாம் ஒதுங்கித் தீர்ந்தபின் நிலைமை அடியோடு மாறுகிறது. அதன்பின் சில மில்லிலிட்டர் ரத்தம் கூடினாலே அழுத்தம் செங்குத்தாக எகிறும். வளைகோடாக வரைந்தால், நெடுந்தூரம் ஏறத்தாழச் சமதரையாக ஓடிவந்து திடீரென நிமிரும் கோடு அது. அடிபட்டதும் எழுந்து நடந்தவர், பேசியவர், சில மணி நேரத்தில் நினைவிழந்து விழுவதற்குப் பின்னால் இந்த வளைகோடு இருக்கிறது. மண்டையோட்டுக்கும் அதன் உள்ளுறைக்கும் இடையே தமனி கிழிந்து ரத்தம் கட்டும்போது, நினைவு தெளிவாக இருக்கும் இந்த இடைவெளி பலமுறை காணப்படுகிறது. அந்தத் தெளிவான நேரத்தை நம்பி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் உயிரிழந்தது உண்டு.

அழுத்தம் ஏறினால் என்ன ஆகும்

படுத்திருக்கும் வளர்ந்தவரின் மண்டையக அழுத்தம் இயல்பாக 7 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருக்கும். இருமினாலும் முக்கினாலும் சில நொடிகளுக்கு ஏறி இறங்கும். அதனால் தீங்கில்லை. ஏறிய அழுத்தம் இறங்காமல் நிற்பதே ஆபத்து. அது மூளையை இரண்டு வழிகளில் கெடுக்கிறது.

முதல் வழி, ரத்த ஓட்டத்தைத் தடுப்பது. இதயம் ரத்தத்தை மூளைக்குள் தள்ளுகிறது, மண்டையக அழுத்தம் அதை எதிர்த்து நிற்கிறது. சராசரித் தமனி அழுத்தத்திலிருந்து மண்டையக அழுத்தத்தைக் கழித்தால் வருவது மூளை ஊட்டழுத்தம். சராசரி ரத்த அழுத்தம் 90, மண்டையக அழுத்தம் 10 என்றால் ஊட்டழுத்தம் 80. மண்டையக அழுத்தம் 30 ஆக உயர்ந்தால் அது 60 ஆகிறது. அதே நேரத்தில் வயிற்றுக்குள்ளோ தொடையெலும்பு முறிவிலோ ரத்தம் இழந்து சராசரி ரத்த அழுத்தம் 65-க்கு இறங்கினால், ஊட்டழுத்தம் 35 ஆகிவிடும். அந்த அளவில் மூளை தாக்குப்பிடிக்காது. தலைக்காயத்தோடு மேல் ரத்த அழுத்தம் 90-க்குக் கீழே ஒரே ஒரு முறை இறங்கியவர்களிடையே இறப்பு ஏறத்தாழ இரு மடங்காகக் காணப்பட்டதை அமெரிக்கத் தரவுகள் 1993-லேயே காட்டின. தலைக்காயக்காரருக்கு ரத்த அழுத்தத்தைக் காப்பதும் மூளைச் சிகிச்சைதான் என்பதை இந்த ஒரு கழித்தல் கணக்கே சொல்லிவிடுகிறது.

இரண்டாவது வழி, மூளையை இடம்பெயர்த்துத் தள்ளுவது. மண்டைக்குள் கெட்டியான உறை மடிப்புகள் அறைகளைப் பிரிக்கின்றன. அழுத்தம் ஒரு பக்கம் கூடினால், மூளையின் பக்கவாட்டு மடலின் உள்விளிம்பு அந்த மடிப்பின் இடைவெளி வழியே கீழே பிதுங்குகிறது. அங்கே ஓடும் மூன்றாம் மண்டை நரம்பு நசுங்கியதும் அந்தப் பக்கத்துக் கண்பாவை விரிந்து, வெளிச்சத்துக்குச் சுருங்காமல் நின்றுவிடுகிறது. டார்ச் அடித்துக் கண்பாவையைப் பார்க்கும் எளிய சோதனையின் மதிப்பு இதில் இருக்கிறது. பிதுக்கம் இன்னும் கீழிறங்கினால் மூளைத்தண்டு நசுங்குகிறது, மூச்சும் இதயமும் நிற்கின்றன. ரத்த அழுத்தம் ஏறுவது, நாடித்துடிப்பு குறைவது, மூச்சு ஒழுங்கு தவறுவது ஆகிய மூன்றும் சேர்ந்து வரும் நிலையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குஷிங் விளக்கினார். அந்த மூன்றும் தெரியும் நேரத்தில் மூளைத்தண்டு ஏற்கெனவே ஆபத்தில் இருக்கும். வெளியில் அறிகுறி தெரியும் முன்பே உள்ளே ஏறும் அழுத்தத்தை அறிய வேண்டும் என்ற தேவை இங்கிருந்துதான் பிறந்தது.

அளக்கத் தொடங்கிய கதை

1891-ல் ஜெர்மனியின் ஹைன்ரிக் குவிங்கே இடுப்பு முதுகெலும்புகளுக்கு இடையே ஊசி செலுத்தி நீர் அழுத்தத்தை அளக்கும் முறையைக் கொண்டுவந்தார். தலைக்காயத்துக்கு அது பொருந்தாது. மண்டைக்குள் அழுத்தம் கூடியிருக்கும்போது கீழே நீரை எடுத்தால் மூளை கீழ்நோக்கிப் பிதுங்கி நோயாளி இறக்க நேரிடும். மேலும் அது ஒரு கணத்து அளவை மட்டுமே தரும்.

1951-ல் பிரான்சில் கியோம், ஜன்னி ஆகிய இருவரும் மூளை அறைக்குள்ளிருந்து தொடர்ச்சியாக அழுத்தத்தைப் பதிவு செய்தார்கள். இந்த முறையை மருத்துவத்தில் நிலைநிறுத்தியவர் சுவீடனின் லுண்ட் நகரில் பணியாற்றிய நில்ஸ் லுண்ட்பெர்க். 1960-ல் வெளியான அவருடைய நூலில், பல மணி நேரம் ஓடும் காகிதச் சுருளில் நோயாளிகளின் அழுத்தம் கோடாகப் பதிவாகியிருந்தது. அந்தக் கோடுகளில் அவர் மூன்று வகை அலைகளைப் பிரித்தறிந்தார். அவற்றில் கொடியது ஏ அலை. அழுத்தம் திடீரென 50, சிலருக்கு 100 மில்லிமீட்டர் வரை எழுந்து, 5 முதல் 20 நிமிடம் மேட்டுநிலம்போல அங்கேயே நின்று, பின்பு சரிந்து விழுகிறது. மூளையின் ரத்தக்குழாய்கள் விரிந்து ரத்தம் தேங்குவதால் இது நிகழ்கிறது. மணிக்கு ஒருமுறை வந்து பார்க்கும் மருத்துவரின் கண்ணுக்கு இந்த எழுச்சி முழுவதும் தப்பிவிடலாம். 1965-ல் லுண்ட்பெர்க்கும் உடன் பணியாற்றியவர்களும் கடுமையான தலைக்காயம்பட்ட 30 பேரின் தொடர் பதிவுகளை வெளியிட்டார்கள். தலைக்காயத்தில் அழுத்தக் கண்காணிப்பு என்ற துறை அந்தக் கட்டுரையிலிருந்து வளர்ந்தது.

யாருக்குக் கண்காணிப்பு தேவை

தலையில் அடிபட்ட எல்லோருக்கும் இது தேவையில்லை. நினைவின் ஆழத்தை அளக்க கிரகாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னட் ஆகிய இருவரும் 1974-ல் உருவாக்கிய கிளாஸ்கோ அளவுகோல் இன்றும் முதல் சல்லடை. கண் திறத்தல், பேச்சு, கை கால் அசைவு ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண் கூட்டினால் முழு நினைவுக்கு 15, மிகக் குறைந்த நிலைக்கு 3. எட்டோ அதற்குக் கீழோ இருந்தால் கடுமையான காயம்.

அமெரிக்காவின் மூளைக்காய அறக்கட்டளை 1995 முதல் வெளியிட்டுவரும் வழிகாட்டி நெறிகள் உலகெங்கும் பின்பற்றப்படுகின்றன. ரத்த அழுத்தமும் மூச்சும் சீர்செய்யப்பட்ட பிறகும் மதிப்பெண் 3 முதல் 8 வரை இருந்து, சி.டி. ஸ்கேனில் ரத்தக்கட்டு, சிதைவு, வீக்கம், பிதுக்கம், மூளையடி நீர்த்தேக்கங்கள் நசுங்கியிருத்தல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தால் அழுத்தமானி பொருத்தலாம் என்பது அவற்றின் பழைய பதிப்புகளிலிருந்து தொடரும் அளவுகோல். ஸ்கேன் இயல்பாக இருந்தாலும் 40 வயதைக் கடந்திருப்பது, கை கால் விறைத்து வளைவது, மேல் ரத்த அழுத்தம் 90-க்குக் கீழே இறங்கியிருப்பது ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் அப்போதும் பொருத்தலாம். ரத்தம் உறையாத குறைபாடு இருந்தால் அதை முதலில் திருத்தியாக வேண்டும்.

அளக்கும் முறைகள்

நெடுங்கால அனுபவத்தால் உறுதிப்பட்ட முறை, மூளையின் பக்க அறைக்குள் மெல்லிய குழாய் செலுத்துவது. நெற்றிக்கு மேலே, மூக்கின் வேரிலிருந்து பின்னோக்கி ஏறத்தாழ 11 சென்டிமீட்டரும் நடுக்கோட்டிலிருந்து 3 சென்டிமீட்டரும் தள்ளி மண்டையோட்டில் சிறு துளை இடப்படுகிறது. பெரும்பாலும் வலப்பக்கம் தேர்ந்தெடுக்கப்படும், ஏனெனில் பேச்சு மையம் பலருக்கும் இடப்பக்கத்தில் இருக்கிறது. குழாய் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் உள்ளே சென்றதும் தெளிந்த நீர் வருகிறது. அந்தக் குழாய், அழுத்தத்தை உணரும் டிரான்ஸ்டியூசரோடு இணைக்கப்பட்டு அழுத்தம் மானிட்டரில் தெரிகிறது. இதன் பெரிய நன்மை, அழுத்தம் ஏறினால் அதே குழாய் வழியே நீரை வடித்து இறக்கலாம் என்பது. வீங்கிய மூளையில் அறைகள் கீற்றுபோல ஒடுங்கியிருந்தால் குழாயை உள்ளே சேர்ப்பது கடினம். கிருமித் தொற்று, ரத்தக்கசிவு, குழாய் அடைப்பு ஆகியவை இதன் தொல்லைகள்.

இந்த முறையில் நர்ஸின் கையில் ஒரு பெரிய பொறுப்பு இருக்கிறது. டிரான்ஸ்டியூசரின் பூஜ்ய நிலை, காதுத் துளையின் மட்டத்தில் இருக்க வேண்டும். மூளையின் பக்க அறையும் மூன்றாம் அறையும் சேரும் வாய் ஏறத்தாழ அந்த உயரத்தில் உள்ளது. நோயாளியின் தலைமாட்டை உயர்த்தியவர் டிரான்ஸ்டியூசரை உடன் உயர்த்த மறந்தால், 10 சென்டிமீட்டர் வித்தியாசத்துக்கு மானிட்டர் 7 மில்லிமீட்டருக்கும் மேல் தவறாகக் காட்டும். உள்ளே 16 ஆக இருக்கும் அழுத்தம் திரையில் 23 ஆகத் தெரியும், தேவையற்ற மருந்து ஏறும். எதிர்த்திசையில் தவறினால், 23-ஐ 16 என்று நம்பி எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். அதனால்தான் படுக்கையின் நிலை மாறும் ஒவ்வொரு முறையும், பணிநேரம் கைமாறும் ஒவ்வொரு முறையும், மட்டம் பார்த்துப் பூஜ்யம் வைப்பது கட்டாயம்.

இரண்டாவது முறையில், நுனியில் சிறு உணரி பொருத்திய மெல்லிய கம்பி நேரடியாக மூளைத் திசுவுக்குள் வைக்கப்படுகிறது. ஒளியிழை வகையும் மின்தடை வகையும் உண்டு. பொருத்துவது எளிது, தொற்று குறைவு, படுக்கையை உயர்த்தினாலும் தாழ்த்தினாலும் மட்டம் திருத்த வேண்டியதில்லை. ஆனால் நீரை வடிக்க முடியாது. பெரும்பாலான வகைகளை உள்ளே வைத்தபின் மறுபடி பூஜ்யம் வைக்கவும் முடியாது. நாட்கள் செல்லச் செல்ல அளவு சற்று நகர்ந்துவிடும். விலையும் அதிகம்.

துளையிடாத முறைகளும் உள்ளன. கண்ணின் பின்னே பார்வை நரம்பைச் சுற்றியுள்ள உறை, மூளையைச் சுற்றியுள்ள நீரோடு தொடர்புடையது. அழுத்தம் ஏறும்போது அந்த உறை விரிகிறது. மூடிய இமையின் மேல் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து அதன் குறுக்களவை எடுக்கலாம். 5 முதல் 6 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் அழுத்தம் கூடியிருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். நெற்றிப்பொட்டு வழியே டாப்ளர் கருவியால் மூளைத் தமனியின் ரத்த வேகத்தைப் பார்ப்பது, கண்பாவை சுருங்கும் வேகத்தைக் கருவியால் அளப்பது ஆகியவையும் உதவுகின்றன. இவை சந்தேகத்தை எழுப்பவும் தீர்க்கவும் பயன்படும். நிமிடத்துக்கு நிமிடம் எண்ணாகக் காட்டும் ஆற்றல் இவற்றுக்கு இன்னும் வரவில்லை.

திரையில் தெரிவதைப் படித்தல்

மருத்துவம் தொடங்க வேண்டிய எல்லை எது? முன்பு 20 என்று கொள்ளப்பட்டது. மூளைக்காய அறக்கட்டளை நெறிகளின் நான்காம் பதிப்பு, 2016-ல், அதை 22 ஆக மாற்றியது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஆண்டுக்கணக்கில் திரட்டப்பட்ட நோயாளிப் பதிவுகள் அதற்கு அடிப்படை. அந்த எல்லைக்கு மேல் இறப்பு கூடியது. மூளை ஊட்டழுத்தம் 60 முதல் 70 வரை இருக்க வேண்டும் என்றும் அதே பதிப்பு கூறுகிறது. அதை மருந்துகளால் 70-க்கு மேல் வலிந்து உயர்த்தினால் நுரையீரல் பாதிக்கப்படலாம் என்ற எச்சரிக்கையும் அதில் உண்டு. குழந்தைகளின் ரத்த அழுத்தமே குறைவு என்பதால் அவர்களுக்கு ஊட்டழுத்தம் 40 முதல் 50-க்குக் குறையாமல் இருந்தால் போதும்.

எல்லை எண்ணை மட்டும் பார்ப்பது போதாது. எவ்வளவு நேரம் அந்த உயரத்தில் நின்றது என்பதும் சம அளவு முக்கியம். பெல்ஜியத்தின் லூவன் நகர ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வு இதை எண்ணில் காட்டியது. 20-க்கு மேற்பட்ட அழுத்தம் வளர்ந்தவர்களில் சுமார் 37 நிமிடமும், குழந்தைகளில் சுமார் 8 நிமிடமும் நீடித்தபின் தீய விளைவுகளோடு தொடர்புடையதாகியது. அழுத்தம் இன்னும் உயர்ந்தால், மூளை தாங்கும் நேரம் அதற்கேற்பச் சுருங்கியது.

எண்ணைத் தவிர அலையின் வடிவமும் பேசும். ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் திரையில் மூன்று சிறு முகடுகள் தோன்றுகின்றன. ஆரோக்கியமான மூளையில் முதல் முகடு உயரமாகவும், அடுத்தவை படிப்படியாகத் தாழ்ந்தும் இருக்கும். இடம் கொடுக்கும் தன்மை தீரத் தீர இரண்டாவது முகடு எழுந்து முதலாவதை மீறுகிறது. எண் 18 என்று காட்டும்போதே இரண்டாம் முகடு ஓங்கியிருந்தால், அந்த மூளை வளைகோட்டின் திருப்பத்துக்கு வந்துவிட்டது என்று பொருள். ரத்த அழுத்தம் மாறும்போது மண்டையக அழுத்தம் அதனோடு சேர்ந்து ஏறுகிறதா, எதிர்த்து நிற்கிறதா என்பதைக் கணித்து, ரத்தக்குழாய்களின் தன்னாளும் திறனை அறியும் முறையை கேம்பிரிட்ஜின் மாரெக் சோஸ்னிகா குழு 1997-ல் கொண்டுவந்தது. சேர்ந்து ஏறினால் அந்தத் திறன் கெட்டுவிட்டது என்று கொள்ளலாம்.

ஏறிய அழுத்தத்தை இறக்கும் வழிகள்

2019-ல் சியாட்டில் நகரில் கூடிய பன்னாட்டு வல்லுநர்கள் சிகிச்சையைப் படிகளாக வகுத்தார்கள். ஆபத்துக் குறைந்ததில் தொடங்கி, பயனில்லாவிட்டால் மட்டும் அடுத்த படிக்குச் செல்வது அதன் நெறி.

அடித்தளமாக, எல்லா நோயாளிக்கும் சில கவனிப்புகள் தேவை. தலைமாட்டை 30 பாகையாவது உயர்த்த வேண்டும். கழுத்து நேராக இருக்க வேண்டும். வலியும் பதற்றமும் தணிய மருந்து, காய்ச்சல் ஏறாமல் கவனம், போதிய ஆக்சிஜன், போதிய ரத்த அழுத்தம், ரத்தத்தில் உப்பு குறையாதிருத்தல் ஆகியவை அடுத்தவை. அழுத்தம் திடீரென ஏறினால் மருந்தைத் தேடும் முன் படுக்கையைப் பார்க்க வேண்டும். கழுத்துப் பட்டை இறுகியிருக்கலாம். மூச்சுக்குழாயைக் கட்டிய நாடா கழுத்துச் சிரையை அழுத்தியிருக்கலாம். தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம். நோயாளி வென்டிலேட்டரோடு மல்லுக்கட்டி இருமிக்கொண்டிருக்கலாம். இவற்றைச் சரிசெய்தாலே எண் இறங்கிய நேரங்கள் ஏராளம். பெரிய ரத்தக்கட்டு இருந்தால் அதை அறுவை செய்து அகற்றுவதுதான் மருத்துவம். புதிதாக ஏறும் அழுத்தம் புதிய ரத்தக்கசிவைக் குறிக்கலாம் என்பதால் மறுபடி ஸ்கேன் எடுக்கத் தயங்கக் கூடாது.

அடுத்த படியில் மயக்க மருந்தைக் கூட்டுவது, குழாய் வழியே நீரை வடிப்பது, மானிடால் அல்லது செறிவான உப்புநீர் ஏற்றுவது ஆகியவை உள்ளன. இந்த இரு திரவங்களும் வீங்கிய திசுவிலிருந்து நீரை ரத்தத்துக்குள் இழுக்கின்றன. மானிடால் சிறுநீரை மிகுதியாக்கி ரத்த அழுத்தத்தைக் குறைக்கலாம். அதனால் ரத்தம் இழந்தவருக்குத் தருவதில் கவனம் தேவை.

மூச்சின் வேகத்தைக் கூட்டினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூளை ரத்தக்குழாய்கள் சுருங்கி, அழுத்தம் உடனே இறங்கும். ஒரு காலத்தில் இது வழக்கமான சிகிச்சையாக இருந்தது. ஆனால் குழாய் சுருங்குவதால் ரத்த ஓட்டமும் குறைகிறது. எண் அழகாக இறங்கும், மூளை பட்டினி கிடக்கும். ஆகவே இது இரண்டாம் படியில், அளவோடு, சிறிது நேரத்துக்கு மட்டும் வைக்கப்பட்டுள்ளது. தசைகளைத் தளர்த்தும் மருந்தைச் சோதித்துப் பார்ப்பதும் இதே படியில் வருகிறது.

கடைசிப் படி, பார்பிட்யூரேட் மருந்தால் ஆழ்ந்த மயக்கம், உடல் வெப்பத்தைச் சற்றுக் குறைத்தல், மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுத்துவிடுதல் ஆகியவை. எலும்பை எடுப்பது பற்றி இரு பெரிய ஆய்வுகள் உள்ளன. 2011-ல் வெளியான டெக்ரா ஆய்வில் 155 பேர் பங்கேற்றார்கள். அழுத்தம் சிறிது ஏறியதுமே எலும்பை எடுத்தவர்களுக்கு எண் நன்றாக இறங்கியது. ஆனால் ஆறு மாதம் கழித்து மோசமான நிலையில் இருந்தவர்கள் அறுவைக் குழுவில் 70 விழுக்காடு, மருந்துக் குழுவில் 51 விழுக்காடு. 2016-ல் வெளியான ரெஸ்க்யூ ஆய்வு, மற்ற சிகிச்சைகளுக்கு அடங்காமல் அழுத்தம் 25-க்கு மேல் நின்ற 408 பேரை எடுத்துக்கொண்டது. ஆறு மாதத்தில் அறுவைக் குழுவில் இறந்தவர்கள் 26.9 விழுக்காடு, மருந்துக் குழுவில் 48.9 விழுக்காடு. உயிர் பிழைத்தவர்களில் உணர்வற்ற நிலையிலும் பிறரை முழுதாகச் சார்ந்தும் வாழ்பவர்கள் அறுவைக் குழுவில் அதிகம். இந்த உண்மையைக் குடும்பத்தாரிடம் அறுவைக்கு முன்பே நேர்மையாகச் சொல்லியாக வேண்டும்.

விலக்க வேண்டிய மருந்தும் ஒன்று உண்டு. வீக்கம் குறையும் என்று நம்பிப் பல ஆண்டுகள் ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டது. 10,008 பேரிடம் நடந்த கிராஷ் ஆய்வு, ஸ்டீராய்டு பெற்றவர்களிடம் இறப்பு கூடுவதை 2004-ல் வெளிப்படுத்தியது. இரு வாரங்களில் இறந்தவர்கள் ஸ்டீராய்டு குழுவில் 21.1 விழுக்காடு, மற்றதில் 17.9 விழுக்காடு. தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு கொடுக்கக் கூடாது என்பது அதோடு முடிவானது.

அளப்பதால் உயிர் பிழைக்கிறதா

இந்தத் துறையின் மிகக் கடினமான கேள்வி இது. 2012 வரை இதற்குத் தகுந்த ஒப்பீட்டு ஆய்வு இல்லை. அழுத்தமானி வழக்கமாக உள்ள மருத்துவமனைகளில், சிலருக்கு மட்டும் அதைப் பொருத்தாமல் விடுவது அறத்துக்கு மாறானது என்று கருதப்பட்டது. அழுத்தமானி இல்லாமலேயே சிகிச்சை நடந்துவந்த பொலிவியா, எக்குவடோர் நாடுகளில் ரேண்டல் செஸ்நட் தலைமையில் ஆய்வு நடந்தது. கடுமையான தலைக்காயம் பட்ட, 13 வயதோ அதற்கு மேலோ ஆன 324 பேர் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்கு மூளைக்குள் அழுத்தமானி பொருத்தி, அழுத்தத்தை 20-க்குக் கீழே வைக்க முயன்றார்கள். மற்றக் குழுவுக்கு அழுத்தமானி இல்லை. குறித்த இடைவெளிகளில் நரம்பியல் பரிசோதனையும் சி.டி. ஸ்கேனும் செய்து, எழுதி வைத்த நெறிப்படி சிகிச்சை தரப்பட்டது.

ஆறு மாதத்தில் இறந்தவர்கள் அழுத்தமானிக் குழுவில் 39 விழுக்காடு, பரிசோதனைக் குழுவில் 41 விழுக்காடு. நினைவாற்றல், செயல்திறன் உள்ளிட்ட 21 அளவீடுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் வேறுபாடு இல்லை. மூளைக்கான சிறப்புச் சிகிச்சை நடந்த நாட்கள் மட்டும் அழுத்தமானிக் குழுவில் குறைவு: 3.4 நாள், மற்றதில் 4.8 நாள்.

இந்த முடிவைச் சிலர் அழுத்தமானி வீண் என்று படித்தார்கள். அது தவறான வாசிப்பு. அந்த ஆய்வு ஒப்பிட்டது கண்காணிப்பையும் கண்காணிப்பின்மையையும் அல்ல. இரு குழுக்களும் நெருக்கமாகக் கண்காணிக்கப்பட்டன. இரண்டுக்கும் எழுதப்பட்ட நெறி இருந்தது. 20 என்ற ஒரே எண்ணை எல்லா நோயாளிக்கும் எல்லையாக வைத்துச் சிகிச்சை தருவது, கவனமான பரிசோதனையையும் ஸ்கேனையும் விட மேலானதல்ல என்பதே அது நிறுவியது. 2021-ல் வெளியான சினாப்ஸ் ஆய்வு 42 நாடுகளின் 146 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 2,395 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தது. தலைக்காயத்தோடு மூளை ரத்தக்கசிவு நோயாளிகளும் அதில் இருந்தார்கள். ஒரு கண்பாவையாவது வெளிச்சத்துக்கு அசையாதவர்களில், அழுத்தமானி பொருத்தப்பட்டவர்களிடையே ஆறு மாத இறப்பு குறைவாக இருந்தது. குலுக்கல் முறை ஆய்வு அல்ல என்பதால் இதைக் காரணகாரிய உறுதியாகக் கொள்ள முடியாது. எனினும் நிலை மோசமானவர்களுக்கே அழுத்தமானியின் பயன் மிகுதி என்ற அனுபவ அறிவோடு இது ஒத்துப்போகிறது.

தென்னமெரிக்க மருத்துவர்கள் அந்த அனுபவத்தை அத்தோடு விட்டுவிடவில்லை. அழுத்தமானி இல்லாத இடங்களில் ஸ்கேனையும் பரிசோதனையையும் வைத்து எப்போது சிகிச்சையைத் தொடங்குவது, எப்போது கூட்டுவது, எப்போது குறைப்பது என்று படிப்படியாக எழுதி, 2020-ல் கிரெவிஸ் என்ற பெயரில் நெறியாக வெளியிட்டார்கள். உலகில் தலைக்காயம் மிகுதியாக நிகழ்வது வசதி குறைந்த நாடுகளில்தான் என்பதால் இந்த நெறியின் மதிப்பு பெரிது.

ஆகவே முடிவு தெளிவானது. அழுத்தமானி ஒரு சாட்சி, தீர்ப்பு மருத்துவருடையது. எண்ணும், அது நின்ற நேரமும், அலையின் வடிவமும், கண்பாவையும், ஸ்கேனும், ரத்த அழுத்தமும் சேர்ந்து ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்த்தே சிகிச்சை நடக்க வேண்டும். கருவி வாங்க வசதியுள்ள மருத்துவமனை, அதற்கு மட்டம் பார்க்கவும் அலையைப் படிக்கவும் தன் நர்ஸுகளுக்குப் பயிற்சி தர வேண்டும். வசதியில்லாத மருத்துவமனை, டார்ச் விளக்கோடு மணிக்கொருமுறை கண்பாவையும் கை கால் அசைவும் பார்த்துத் தேதியும் நேரமும் இட்டு எழுதிவைக்க வேண்டும், ரத்த அழுத்தத்தை ஒருபோதும் விழவிடக் கூடாது, நிலை மாறினால் உடனே ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். இந்த இரண்டாவது கடமைக்குப் பணம் அதிகம் தேவையில்லை. அதைச் செய்யாமல் விட எந்த மருத்துவமனைக்கும் காரணமும் இல்லை.